வாய்பொத்தும் வகுப்பறை!



"கையைக் கட்டு! வாயைப் பொத்து!" இந்தக் கட்டளையைப் பண்ணையார் வீட்டுத் திண்ணையோரத்தில் நம் பாட்டனார் கேட்டார், தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பினார். அந்தத் துண்டைத் தோளுக்கு ஏற்றியது சுயமரியாதை இயக்கம். ஆனால் அதே கட்டளையை அவருடைய கொள்ளுப்பேரன் ஒன்றாம் வகுப்பில் கேட்கிறானே, எண்ணிப் பார்த்தீர்களா? பண்ணையார் அதை அடக்கம் என்றார். பள்ளிக்கூடம் ஒழுக்கம் என்கிறது. பெயர் மாறிற்று, பொத்திய வாய் திறக்கவில்லை!

நாவினால் நாட்டை எழுப்பிய இயக்கம் நமது. படிப்பகத்திலும் முடிதிருத்தகத்திலும் தேநீர்க் கடையிலும் ஒருவர் ஏடு படித்தார். எழுத்தறியாதவர் கேட்டார், இடைமறித்தார், வினாத் தொடுத்தார், அரசியல் கற்றார். 1943இல் கம்பராமாயணம் பற்றிச் சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளையோடும், சேலத்தில் சோமசுந்தர பாரதியாரோடும் அறிஞர் அண்ணா சொற்போர் நிகழ்த்தினார். கருத்தைக் கருத்தால் எதிர்கொள்ளும் பண்பைத் தமிழ்நாடு கண்டது. அத்தகைய மேடைகளின் வழியே வந்த நாம், 1967இல் கோட்டைக்குள் நுழைந்தோம். பள்ளிகள் திறந்தோம், சோறிட்டோம், சீருடை தந்தோம். பெருமைக்குரிய பணிகள்! ஆயினும் நம்மை உயர்த்திய பேச்சை, நம் பிள்ளைகளின் பாடவேளைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தோமா? இந்த வினாவை மாற்றார் கேட்குமுன் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பேச்சுப் பயிற்சி என்றவுடன் சிலர் ஆங்கிலப் பயிற்சி நிலையத்தின் விளம்பரப் பலகையைக் காட்டுவர். ஆங்கிலம் கற்கட்டும், வேண்டாமென்பார் யார்? ஆனால் தாய்மொழியில் தன் எண்ணத்தை எடுத்துரைக்கத் தயங்குகிறவனுக்கு, அயல்மொழி எதைச் சொல்லித் தரும்? வேறு சிலர், ஆண்டு விழாவில் பேச்சுப் போட்டி நடக்கிறதே என்பர். நடக்கிறது! ஆசிரியர் எழுதித் தந்ததை ஒரு பிள்ளை ஒப்பிக்கிறது. முப்பத்தொன்பது பிள்ளைகள் கைதட்டுகின்றன. 1952இல் வெளிவந்த 'பராசக்தி'யின் வசனத்தை இளைஞர் கூட்டம் மனப்பாடமாய் முழங்கிற்று. அது நாவுக்குத் துணிவூட்டியது. நாடகம் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: வசனம் பேசுவது நடிப்பின் தொடக்கம், எதிரே நிற்பவன் சொல்வதைக் கேட்டு மறுமொழி தருவதே நடிப்பு. வாழ்க்கைக்கும் அஃதே விதி.

சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரங்கள் வகுத்தார் வள்ளுவர். நம் மாணவனோ, அவையஞ்சாமையை மனப்பாடம் செய்து, அதை ஒப்பிக்க அவைக்கு அஞ்சி நிற்கிறான்!

வழி என்ன? பேச்சுக்கென்று தனிப் பாடமும் தனிப் புத்தகமும் வேண்டா. எல்லாப் பாடத்திலும் பேச்சு இழையோட வேண்டும். கணக்கில், விடை கண்டவன் எப்படிக் கண்டான் என்று வாய்திறந்து விளக்கட்டும்; வேறு வழியில் கண்டவள் அதை எடுத்துரைக்கட்டும். அறிவியலில், சோதனைக்கு முன்னே என்ன நிகழும், ஏன் நிகழும் என்று கூறட்டும். நிகழ்ந்த பின் தன் கணிப்பு பொய்த்ததா என்று சொல்லட்டும். வரலாற்றில், 1924ஆம் ஆண்டு வைக்கம் போராட்டத்தைப் படிக்கையில், தெருவைத் திறக்கச் சொன்னவரும் மூடி வைத்தவரும் சொன்ன காரணங்களை எடைபோட்டு உரைக்கட்டும்.

நாற்பது பேர் பேசினால் சந்தைக்கடை ஆகாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நால்வருக்கு ஒரு குழு, பத்துக் குழுக்கள். நாளுக்கு ஒரு குழுவின் அருகே ஆசிரியர் அமர்ந்து செவிமடுத்தால், பத்துப் பள்ளி நாளில் ஒரு குரலும் விடுபடாது. கேள்வி கேட்ட ஆசிரியர் சற்றே காத்திருக்கவும் வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் கண்டது இது: ஆசிரியர்கள் விடைக்காகக் காத்திருந்த நேரம் ஏறத்தாழ ஒரு நொடி, அதை மூன்று நொடியாக நீட்டியபோது விடைகள் விரிந்தன, வாய் திறவாதவரும் திறந்தனர். இரண்டு நொடிக்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை, தோழர்களே, பொறுமை போதும்!

அந்தப் பிள்ளை வீட்டுத் தமிழில் தொடங்கினால் சிரிக்கக் கூடாது. சேரித் தமிழும் கரிசல் தமிழும் தமிழே. அதில் தொடங்கியவனை அவைத்தமிழுக்கு அழைத்துச் செல்வது கல்வி. தொடக்கத்திலேயே நகைத்து நிறுத்துவது பழைய தீண்டாமையின் புதிய உரு.

இங்கிலாந்தில் ஆண்ட்ரூ வில்கின்சன் 1965இல் எழுத்தறிவுக்கு இணையாகப் பேச்சறிவுக்கென ஒரு தனிச்சொல்லையே படைத்தார். 1975இல் புல்லக் குழு, மொழி எல்லாப் பாட ஆசிரியரின் பொறுப்பு என்றது. அந்த நாட்டிலேயே 2014இல் ஆங்கிலப் பொதுத்தேர்வின் தரநிலைக் கணக்கிலிருந்து பேச்சுத்தேர்வைப் பிரித்துவிட்டனர். தேர்வில் எடை குறைந்தது வகுப்பில் இடம் பெறுவது அரிது. இங்கே பத்தாம் வகுப்பில் அறிவியல் செய்முறைக்கு 25 மதிப்பெண் உண்டு. தமிழுக்கு நூறும் எழுத்துக்கே! சோதனைக் குழாயைப் பிடிக்கும் கைக்கு மதிப்பெண் உண்டெனில், தாய்மொழி பேசும் நாவுக்கு ஏன் இல்லை?

ஆளுவோர் செய்யட்டும் என்று அமர்ந்திருப்பதா? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். அந்த நாற்காலி உங்களுக்குரியது. கையெழுத்திட்டுத் திரும்பாதீர்கள், "எங்கள் பிள்ளை இந்த வாரம் எந்தப் பாடத்தில் பேசினாள்?" என்று கேளுங்கள். ஞாயிறுதோறும் படிப்பகத்தில் பத்துப் பிள்ளைகளை அமர்த்துங்கள்; அவர்கள் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். மேடைக்குப் பழகிய நமக்கு அது சற்றே கடினம்தான்!

நாளை அந்தப் பெண் கிராம சபையில் எழுந்து, குடிநீர்க் குழாய்க்கு ஒதுக்கிய பணம் எங்கே என்று கேட்பாள். கேட்கப்படுபவர் நம் கட்சிக்காரராகவே இருக்கலாம். கேட்கட்டும்! கேள்விக்கு அஞ்சாத மக்களை ஆக்கவே நாம் கட்சி கண்டோம்.