வாங்கிய கேம் யாருக்குச் சொந்தம்?

புதிதாக கம்ப்யூட்டர் வந்து இறங்கிய வீட்டில், அட்டைப் பெட்டியைப் பரணில் ஏற்றுவதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும். "இதில் என்ன கேம்ஸ் இருக்கிறது?" பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்பார்கள். பெரியவர்கள் கேட்காமல் எட்டிப் பார்ப்பார்கள். முன்பு இதற்குப் பதில் சொல்வது சுலபம். 1990-ல் விண்டோஸ் 3.0 வந்த நாளிலிருந்து சாலிடேர் சீட்டாட்டம் விண்டோஸுடன் சேர்ந்தே வந்தது. மவுஸ் பிடிக்கப் பலர் பழகியதே அதில்தான். 2012-ல் வந்த விண்டோஸ் 8-ல் அதை எடுத்துவிட்டார்கள். 2015-ல் விண்டோஸ் 10-உடன் அது திரும்பி வந்தபோது விளம்பரங்களும் கூடவே வந்தன. விளம்பரம் வேண்டாம் என்றால் சந்தா கட்ட வேண்டும். தனியாக உட்கார்ந்து சீட்டு அடுக்குவதற்குச் சந்தா!

சின்ன விஷயம்தான். ஆனால் கேம்ஸ் தொழில் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இது போதும். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா, டூம் காலத்திலிருந்து கம்ப்யூட்டரில் விளையாடி வருபவன் நான். இன்றைய கேம்களின் கிராபிக்ஸையோ கதையையோ நான் குறை சொல்ல வரவில்லை. அவை அன்று கனவிலும் நினைக்காத அளவுக்கு வளர்ந்திருக்கின்றன. என் வருத்தமெல்லாம் அவற்றை விற்கும் முறையைப் பற்றித்தான். நம்மிடம் விற்ற பிறகும் கம்பெனிகள் பிடியை விடுவதில்லை.

அன்று எப்படி இருந்தது?

1993 டிசம்பரில் டூம் வெளிவந்தது. அதன் முதல் பாகத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாக விளையாடலாம், காப்பி எடுத்து நண்பர்களுக்கும் கொடுக்கலாம். பிடித்திருந்தால் பணம் அனுப்பி மீதிப் பாகங்களை வாங்கிக்கொள்ள வேண்டும். இதை ஷேர்வேர் முறை என்பார்கள். 1997-ல் அதன் புரோகிராம் கோடையும் கம்பெனியே வெளியிட்டது. அதனால்தான் முப்பது ஆண்டுகள் தாண்டியும் இன்றைய கம்ப்யூட்டர்களில் டூம் ஓடுகிறது.

சிடியில் வந்த கேம்களிலும் பிழைகள் உண்டு. ஆனால் ஒரு லட்சம் சிடி அடித்துக் கடைக்கு அனுப்பிய பிறகு தவறு தெரிந்தால் கம்பெனிக்குத்தான் தலைவலி. அந்தப் பயத்திலேயே முடிந்தவரை சரிபார்த்து அனுப்பினார்கள். நமக்கும் கடைக்காரருக்கும் இருந்த கணக்கு, பணத்தைக் கொடுத்து சிடியை வாங்கியவுடன் முடிந்துவிடும். அந்த சிடியைத் தம்பிக்குக் கொடுக்கலாம், பாதி விலைக்கு விற்கலாம். யாரும் கேட்க முடியாது.

இன்டர்நெட் வந்த பிறகு

2004 நவம்பரில் வந்த ஹாஃப்-லைஃப் 2 ஒரு திருப்பம். கடையில் டிஸ்க்காக வாங்கினாலும், இன்டர்நெட்டில் ஸ்டீம் அக்கவுண்ட் திறந்து பதிவு செய்தால்தான் அது ஓடும். அக்கவுண்டில் ஒருமுறை சேர்த்துவிட்டால் டிஸ்க்கை இன்னொருவருக்குக் கொடுத்துப் பயனில்லை. அன்று பலர் முணுமுணுத்தார்கள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

இதில் வசதிகள் இல்லாமல் இல்லை. சிடி கீறல் விழுமே என்ற கவலை இல்லை. கம்ப்யூட்டரை மாற்றினாலும் மறுபடி டவுன்லோட் செய்துகொள்ளலாம். பிழை இருந்தால் அப்டேட் வரும். ஆனால் அப்டேட் அனுப்பலாம் என்ற தைரியத்திலேயே அரைவேக்காடாக வெளியிடும் பழக்கமும் வந்துவிட்டது. 2020 டிசம்பர் 10-ல் பெரும் ஆரவாரத்தோடு வந்த சைபர்பங்க் 2077 பிளேஸ்டேஷன் 4-ல் ஓட முடியாமல் திணறியது. எட்டே நாளில் சோனி அதைத் தன் ஆன்லைன் கடையிலிருந்து எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. அந்த கேம் பின்னர் நன்றாகவே சீராகிவிட்டது. ஆனால் முழு விலை கொடுத்து முதல் நாளே வாங்கியவர்கள்தான் அதைச் சோதித்துப் பார்க்கும் ஆட்களாக ஆனார்கள்.

விற்ற கேமுக்குள்ளேயே கடை விரிப்பது இன்னொரு பழக்கம். 2006-ல் ஆப்ளிவியன் என்ற கேமில் குதிரைக்கு ஒரு கவசம் தனியாக விற்றார்கள், விலை இரண்டரை டாலர். உலகமே சிரித்தது. இன்று துப்பாக்கிக்குப் பூசும் வண்ணத்திற்குக்கூடத் தனி விலை இருக்கிறது. அதற்கும் மேலே போய் லூட் பாக்ஸ் வந்தது. பணம் கட்டிப் பெட்டியைத் திறக்க வேண்டும், உள்ளே என்ன இருக்கும் என்பது அதிர்ஷ்டம். லாட்டரிச் சீட்டு எத்தனை குடும்பங்களைக் கெடுத்தது என்பது நமக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 2003-லேயே அதைத் தடை செய்துவிட்டார்கள். அதே ஆசையைப் பிள்ளைகள் விளையாடும் திரையில் கொண்டுவந்து வைத்தால் சும்மா இருக்க முடியுமா? 2018-ல் பெல்ஜியம் நாட்டு அமைப்பு, காசு கொடுத்துத் திறக்கும் இந்தப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்திற்குள் வரும் என்று அறிவித்தது.

சர்வரை நிறுத்தினால்?

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. வாங்கிய கேம் ஒருநாள் இல்லாமலே போவது.

2014-ல் யூபிசாஃப்ட் கம்பெனி தி க்ரூ என்ற கார் ரேஸ் கேமை வெளியிட்டது. அமெரிக்கா முழுவதும் கார் ஓட்டிச் சுற்றலாம். தனியாக ஓட்டினாலும் இன்டர்நெட் இணைப்பு இருக்க வேண்டும், ஏனென்றால் கேமின் ஒரு பகுதி கம்பெனியின் சர்வரில் இருந்தது. 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள். 2024 மார்ச் 31-ல் சர்வரையும் நிறுத்தினார்கள். அன்றோடு டிஸ்க் வைத்திருந்தவர், டவுன்லோட் செய்தவர் எல்லோருக்கும் அது வெறும் பொருளாகிவிட்டது. பிறகு பலருடைய அக்கவுண்டிலிருந்து லைசென்ஸையும் எடுத்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தை, பதிப்பகத்தார் இரவோடு இரவாக வந்து அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு போனால் எப்படி இருக்கும்?

கம்பெனிகள் இரண்டு காரணங்களைச் சொல்கின்றன. முதலாவது, திருட்டு காப்பி. இதை மறுக்க முடியாது. சென்னை பர்மா பஜாரில் அன்று திருட்டு சிடி வாங்காமல் திரும்பியவர்கள் குறைவு. ஆனால் பூட்டு யாரைத் தடுத்தது? சிடி காலத்தில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டைப் பல கேம்களில் போட்டார்கள். 2015-ல் வந்த விண்டோஸ் 10 அந்தப் பூட்டை ஏற்கவில்லை. விளைவு, ஒரிஜினல் சிடி வைத்திருப்பவருக்கு கேம் திறக்காது, பூட்டை உடைத்த காப்பி வைத்திருப்பவருக்கு அந்தச் சிக்கல் இல்லை!

இரண்டாவது காரணம், சர்வர் செலவு. நியாயம்தான். பத்துப் பேர் விளையாடும் கேமுக்குக் காலமெல்லாம் சர்வர் நடத்துங்கள் என்று யாரும் கேட்கவில்லை. கடையை மூடும்போது சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றுதான் கேட்கிறோம். அதாவது, இன்டர்நெட் இல்லாமல் ஓடும்படி ஒரு கடைசி அப்டேட். அது முடியாத காரியம் இல்லை. 2013 மார்ச்சில் சிம்சிட்டி வந்தபோது, இன்டர்நெட் இல்லாமல் ஓடாது என்றார்கள். முதல் வாரமே சர்வர்கள் நிரம்பி வழிந்து, வாங்கியவர்கள் வாசலில் நின்றார்கள். ஆஃப்லைனில் ஓடும்படி மாற்றப் பெரிய வேலை பிடிக்கும் என்றும் கம்பெனி சொன்னது. சுமார் ஓராண்டு கழித்து அதே கம்பெனி ஆஃப்லைன் வசதியை அப்டேட்டாகக் கொடுத்தது. தி க்ரூ விவகாரத்தில் எதிர்ப்பு எழுந்த பிறகு, யூபிசாஃப்ட்டும் தி க்ரூ 2-க்கு ஆஃப்லைன் வசதி தருவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது, பின்னர் கொடுக்கவும் செய்தது. மனம் வைத்தால் முடிகிறது.

கேட்டால்தான் கிடைக்கும்

அந்த எதிர்ப்பை வழிநடத்தியவர்களில் முக்கியமானவர் யூடியூபில் கேம்ஸ் பற்றிப் பேசும் ராஸ் ஸ்காட். 2024 ஏப்ரலில் ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் என்ற பெயரில் இயக்கம் தொடங்கினார். அதன் தொடர்பாக ஐரோப்பிய யூனியனில் தாக்கல் செய்யப்பட்ட குடிமக்கள் கோரிக்கையில், 2025 ஜூலையில் கையெழுத்துகள் 10 லட்சத்தைத் தாண்டின. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. டிஜிட்டல் பொருளை விற்கும் கடை, தருவது லைசென்ஸ் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்ற சொல்லைப் போடக் கூடாது. டவுன்லோட் செய்து நிரந்தரமாக ஆஃப்லைனில் வைத்துக்கொள்ளக் கூடியவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. சொந்தம் எது, வாடகை எது என்பதைச் சட்டமே பிரித்துக் காட்டிவிட்டது.

நீங்கள் செய்ய வேண்டியவை

புதிதாக கேம் வாங்கப் போகிறவர்கள் கீழே உள்ளவற்றைக் கவனியுங்கள்.

1. வாங்கும் பக்கத்தை முழுவதும் படியுங்கள். தனி ஒருவர் விளையாடும் கேமுக்கும் எப்போதும் இன்டர்நெட் வேண்டும் என்று போட்டிருந்தால், அது சர்வர் இருக்கும் வரைதான் என்று எண்ணிக்கொள்ளுங்கள். வேறு கம்பெனியின் அக்கவுண்ட் தேவையா, கேமுக்குள் விற்பனை உண்டா என்பதும் அங்கே இருக்கும்.

2. முதல் நாளே வாங்காதீர்கள். சில மாதங்கள் பொறுத்தால் பிழைகள் குறையும், விலையும் பெரும்பாலும் குறையும்.

3. ஸ்டீமில் வாங்கிய கேம் பிடிக்கவில்லை அல்லது ஓடவில்லை என்றால், 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்திற்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

4. ஒரே கேம் பல கடைகளில் கிடைத்தால், ஜிஓஜி தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 2008-ல் தொடங்கிய இந்தத் தளம் பூட்டு இல்லாத கேம்களை விற்கிறது. இன்ஸ்டால் ஃபைலை டவுன்லோட் செய்து எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வையுங்கள். நாளை அந்தத் தளமே இல்லாவிட்டாலும் அது உங்களிடம் இருக்கும்.

5. பிள்ளைகள் விளையாடும் அக்கவுண்டில் உங்கள் கார்டு விவரங்களைச் சேமித்து வைக்காதீர்கள்.

நல்லபடி நடக்கும் கம்பெனிகளும் இருக்கின்றன. எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் உருவாக்கி, 2016-ல் வெளிவந்த ஸ்டார்ட்யூ வேலி என்ற விவசாய கேமுக்கு இன்றுவரை கூடுதல் காசு கேட்டதில்லை. புதிது புதிதாக அப்டேட் மட்டும் இலவசமாக வந்திருக்கிறது. 2023-ல் வந்த பால்டர்ஸ் கேட் 3-ல் உள்ளே கடை கிடையாது. இரண்டும் அமோகமாக விற்றன. ஜிஓஜியில் பூட்டு இல்லாமலும் கிடைக்கின்றன. நியாயமாக விற்றால் நஷ்டம் என்பது உண்மையல்ல.

ஆகவே, அடுத்த முறை கேம் வாங்கும் பட்டனை அழுத்துவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பத்து ஆண்டு கழித்து, இந்தக் கம்பெனி கடையை மூடிவிட்டால், என் பிள்ளை இதை விளையாட முடியுமா? முடியாது என்றால் அது வாடகைதான். அதற்கு வாடகைப் பணத்தை மட்டும் கொடுங்கள். சொந்த வீட்டின் விலையைக் கொடுக்காதீர்கள்.