கேசிங் வாங்கப் போகும் முன்



பழைய மடிக்கணினி ஒன்று பழுதாகி, அலுமாரி மேல் தூசு பிடித்துக் கிடக்காத வீடு இன்று குறைவு. "இதை ஏன் வைத்திருக்க வேண்டும்? பழைய சாமான் வாங்குபவருக்குக் கொடுத்துவிடுவோமே!" என்று வீட்டார் சொல்வார்கள். சற்றுப் பொறுங்கள். கணினி பழுதாகிவிட்டால் அதனுள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கும் பழுதாகிவிட்டது என்று பொருளல்ல. திரையோ, மதர்போர்டோ, சார்ஜ் ஏறும் இடமோ கெட்டிருக்கலாம். மகளின் நிகாஹ் படங்கள், மறைந்த மூத்தாப்பாவின் குரல், காணி உறுதியின் பிரதி எல்லாம் அந்த டிஸ்க்கில் அப்படியே இருக்கக்கூடும்.

அவை நம் வீட்டு அமானிதம். அழித்துவிட்டோம் என்று நாம் நினைக்கும் படங்களைக்கூட, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பல வேளைகளில் சாதாரண மென்பொருள் கொண்டே மீட்டெடுத்துவிடலாம். ஆகவே கணினி போனாலும் டிஸ்க் வீட்டை விட்டுப் போக வேண்டாம். அதைக் கழற்றி, ஒரு கேசிங்கில் போட்டால், வேறு கணினியில் யூஎஸ்பி வழியாகப் பார்க்கலாம். சில மெல்லிய மடிக்கணினிகளில் மட்டும் நினைவகம் போர்டோடு ஒட்டியே இருக்கும். அதைக் கழற்ற முடியாது.

கேசிங் எல்லாம் ஒன்றல்ல. எதை வாங்குவது என்பதை உங்கள் டிஸ்க்தான் தீர்மானிக்கும். முதலில் அளவைப் பாருங்கள். மடிக்கணினி டிஸ்க் ஏறக்குறைய 7 சென்டிமீற்றர் அகலம், இதை 2.5 அங்குலம் என்பார்கள். மேசைக் கணினியில் உள்ளது 10 சென்டிமீற்றர் அகலம், அது 3.5 அங்குலம். புதிய மடிக்கணினிகளில் சூயிங்கம் துண்டு போல மெல்லிய எம்.2 வகை இருக்கும்.

அடுத்து, இணைக்கும் வாய். இரண்டு தட்டையான வாய்கள் அருகருகே இருந்தால் அது சாட்டா. ஊசி ஊசியாக இரு வரிசை நின்றால் பழைய ஐடிஈ. அதற்குத் தனிக் கேசிங் தேவை. எம்.2 வகையிலும் சாட்டா, என்விஎம்ஈ என்று இரண்டு உண்டு. ஒன்றுக்கான கேசிங் மற்றதற்குச் சரிவராமல் போகலாம்.

மூன்றாவது மின்சாரம். 2.5 அங்குல டிஸ்க்குக்கு யூஎஸ்பி தரும் 5 வோல்ட் போதும். 3.5 அங்குலத்துக்கு 12 வோல்ட்டும் வேண்டும். ஆகவே சுவரில் செருகும் அடப்டருடன் வரும் கேசிங்கையே கேளுங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டோம். பிரதி எடுக்கும் நடுவில் மின்சாரம் போனால் அடப்டரில் ஓடும் டிஸ்க் நின்றுவிடும். பற்றரி உள்ள மடிக்கணினியில் செருகிய சிறிய டிஸ்க்குக்கு அந்தக் கவலை இல்லை.

நான்காவது வேகம். 500 ஜிபியைப் பழைய யூஎஸ்பி 2.0 வழியாகப் பிரதி செய்ய நாலரை மணித்தியாலம் அளவில் ஆகும். யூஎஸ்பி 3.0 என்றால், டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், ஒன்றரை மணித்தியாலம் அளவில் முடியும். 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க் என்றால், கேசிங் அதை ஏற்குமா என்றும் கேளுங்கள்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கணினிக் கடைகள் வரிசையாக உண்டு. அங்கே டிஸ்க்கைத் தூக்கிக் கொண்டு போக வேண்டியதில்லை. அதன் லேபலையும் வாய்ப்பகுதியையும் தொலைபேசியில் படம் பிடித்துக் காட்டினால் போதும். "இதற்குப் பொருந்துமா? பொருந்தாவிட்டால் மாற்றித் தருவீர்களா?" என்று கேட்டு, பில் வாங்கிக் கொள்ளுங்கள். திருகாணி இல்லாத 2.5 அங்குலக் கேசிங் கிடைக்கும். டிஸ்க்கை ஓரத்தில் பிடித்து, வாயோடு வாய் பொருந்தத் தள்ளி, மூடியைச் சாத்திவிடலாம். பிறர் கை படாமல் வேலை முடியும்.

செருகியதும் "ஃபோமட் செய்யவா?" என்று கணினி கேட்டால் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்; உள்ளதை இழக்க நேரிடும். பூட்டிய டிஸ்க் என்றால் விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது பெரும்பாலும் கணினிக்குரியவரின் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். டக், டக் என்று சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். மீண்டும் மீண்டும் ஓடவிட்டால் சேதம் கூடும். அப்போது மட்டுமே, நம்பிக்கையான ஒருவரைத் தேட வேண்டும்.

எல்லாம் நலமாகத் திறந்தால் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். பழைய டிஸ்க் என்றும் ஓடாது. கடற்காற்றின் உப்பும் ஈரமும் வெள்ளவத்தை வீடுகளில் இரும்பையே தின்பதைத் தினமும் பார்க்கிறோம். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வீடுகள் மூழ்கியபோது அலுமாரியில் இருந்தவையும் நனைந்தன. ஆகவே இன்னொரு பிரதி எடுத்து, ராத்தா வீட்டிலோ நானா வீட்டிலோ கொடுத்து வையுங்கள். வெளியே பெயரும் திகதியும் எழுதி ஒட்டுங்கள். நாளை பேரப்பிள்ளை மூத்தாப்பாவின் குரலைக் கேட்க விரும்பும்போது, அதைத் தேடி எடுத்துக் கொடுக்க உங்களால் முடியும்.