சிவப்பு அட்டைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை



"பிரஜாவுரிமைக்கு மனுப் போட லாயருக்கு எவ்வளவு கொடுக்கணும், சார்?" பினாங்குப் பக்கத்துத் தோட்டங்களில் பெற்றோர் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. இந்த மாதம் அதற்கே பதில் எழுதுகிறேன். மனுச் செய்ய லாயர் கட்டாயமில்லை. வேண்டியவை காகிதமும் பொறுமையும்தான்.

சிவப்பு அடையாள அட்டை என்பது நிரந்தரவாசத்தின் அடையாளம். இங்கே வசிக்கலாம், ஆனால் ஓட்டுப் போட முடியாது. 1957இல் நாடு சுதந்திரம் பெற்றபோது, எழுதப் படிக்கத் தெரியாத நம் பெரியவர்கள் பலர் மனுச் செய்யாமலே இருந்துவிட்டார்கள். அதன் விலை பின்னால் தெரிந்தது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, பிரஜை அல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் தேவைப்பட்டது. அந்த நாட்களில் ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேறி இந்தியா போனார்கள். தங்கிவிட்டவர்களில் சிலர் இன்றும் சிவப்பு அட்டையோடு இருக்கிறார்கள். 60 வயது தாண்டிய இந்தியர்களில் சுமார் 3,400 சிவப்பு அட்டைக்காரர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கப்படும் என்று 2018இல் அரசாங்கம் அறிவித்ததே, நிலைமை எவ்வளவு காலம் இழுத்தது என்பதற்குச் சாட்சி.

சட்டம் என்ன சொல்கிறது? மெர்டேக்காவுக்கு முன் இங்கே பிறந்தவர்களுக்கு அரசியலமைப்பின் 16ஆம் விதி உண்டு. கடைசி ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டுகளாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். நன்னடத்தையும் எளிய மலாய் அறிவும் வேண்டும். வெளியில் பிறந்து வந்தவர்களுக்கு 19ஆம் விதி. வயது 21 ஆகியிருக்க வேண்டும். கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து ஆண்டு வாசம் வேண்டும். மனுவுக்கு முந்திய பன்னிரண்டு மாதமும் அதில் சேர வேண்டும். போதுமான மலாய் அறிவும் கேட்பார்கள். ஆகவே பாட்டிமார்களே, பேரப்பிள்ளையிடம் தினமும் நாலு மலாய் வார்த்தை பேசிப் பழகுங்கள். பயம் தானே போய்விடும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இத்தகைய மனுக்களில் அரசாங்கம் எடுக்கும் முடிவுக்கு நீதிமன்றத்தில் அப்பீல் கிடையாது என்று அரசியலமைப்பே சொல்கிறது. "எனக்கு மேலிடத்தில் ஆள் இருக்கிறது, இரண்டாயிரம் வெள்ளி கொடு" என்று எவனாவது வீட்டு வாசலுக்கு வந்தால் ஒரு காசும் கொடுக்காதீர்கள். மனுவை நீங்களே தேசியப் பதிவிலாகாவில் கொடுக்கலாம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

என்ன காகிதம் சேர்ப்பது? பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, திருமணப் பத்திரம் ஆகியவை முதலில். இங்கேயே வாழ்ந்தோம் என்று காட்ட, 1951 முதல் நடந்துவரும் ஊழியர் சேமநிதியின் கணக்குத் தாள், தோட்டத்துக் கிராணியிடமுள்ள செக்ரோல் விவரம், ஆஸ்பத்திரி அட்டை எல்லாம் உதவும். தமிழ்ப்பள்ளியில் படித்திருந்தால் சேர்க்கைப் பதிவேட்டில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும். தலைமையாசிரியரிடம் கேட்டுக் கடிதம் வாங்குங்கள். தோட்டம் விற்கப்பட்டுவிட்டால் பழைய பதிவேடுகள் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. இருக்கும்போதே நகல் எடுத்து வையுங்கள்.

இனி இளம் தம்பதியருக்கு. கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. 1982 மார்ச் 1 முதல் நடப்பிலிருக்கும் சட்டப்படி திருமணத்தைப் பதிய வேண்டும். பதியாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளைக்குத் தாயின் தகுதியையே சட்டம் பார்க்கிறது. தாய்க்கு ஆவணமே இல்லையென்றால், தகப்பன் நீல அட்டைக்காரர் ஆனாலும் பிள்ளை பிரஜையாகப் பதியப்படுவதில்லை. ஆகையால் பிள்ளை பிறக்கும் முன்பே திருமணத்தைப் பதிந்துவிடுங்கள். பிள்ளை பிறந்ததும் 60 நாளுக்குள் பிறப்பைப் பதியுங்கள். கைக்கு வந்த பத்திரத்தில் 'வார்காநெகாரா' என்று இருக்கிறதா, 'புக்கான் வார்காநெகாரா' என்று இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்கப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

சிவப்பு அட்டைக்காரப் பெற்றோருக்கு இன்னும் ஒரு காரணம் உண்டு. நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளை, பிறப்பாலேயே பிரஜையாகும் வழியை எடுத்துவிடும் திருத்தத்தை நாடாளுமன்றம் 2024இல் நிறைவேற்றியது. தங்கள் மனுவை அவர்கள் தள்ளிப்போடுவது இனி பிள்ளைகளையும் பாதிக்கும்.

அப்படியானால் லாயர் எப்போது வேண்டும்? "என் பிள்ளை சட்டப்படி ஏற்கெனவே பிரஜைதான், இலாகா ஏற்க மறுக்கிறது" என்ற வழக்கு நீதிமன்றம் போகலாம். அதற்கு லாயர் வேண்டும். வசதியில்லாதவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் கேட்கலாம். காகிதம் சேர்க்கத் துணை வேண்டுமானால், நாடற்றவர்களுக்காக உழைக்கும் மலேசிய டி.எச்.ஆர்.ஆர்.ஏ போன்ற தொண்டு நிறுவனங்களை அணுகலாம்.

பதில் வர ஆண்டுக்கணக்கில் ஆகலாம். மறுத்தாலும் மீண்டும் மனுச் செய்யலாம். வரும் ஞாயிற்றுக்கிழமை தகரப்பெட்டியைத் திறந்து, வீட்டில் ஒவ்வொருவருக்கும் என்ன பத்திரம் இருக்கிறது, எது இல்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் ஐந்தாம் வகுப்பில் படிக்கும் உங்கள் பிள்ளையை உட்கார வையுங்கள். அழகாக எழுதித் தரும்.