சொல்லும் பொருளும்: பேர்போனவர் யார்?

பந்தல்குடியைப் பற்றி ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதச் சொன்னால், பள்ளி இறுதி வகுப்பு மாணவன், அவ்வூர் சுண்ணாம்புக்கல்லுக்கு ‘நொட்டோரியஸ்லி’ பெயர்பெற்றது என எழுதிவிடக்கூடும். ‘யாவரும் அறிந்த வகையில்’ என்னும் பொருளை அகராதியில் கண்டு, சொல்லின் கம்பீரத்தில் மயங்கியிருப்பான். ஆங்கிலம் அறிந்தவர் செவியிலோ, அக்கல்லினால் ஊருக்கு ஏதோ இழுக்கு நேர்ந்ததுபோல் ஒலிக்கும். சிமென்ட் ஆலைக்குக் கல் தரும் ஊருக்கு இழுக்கு எதற்கு? ‘ஃபேமஸ்’ என்பதே போதும். மழையைப் பற்றி எழுதும்போது வேண்டுமானால் ‘நொட்டோரியஸ்லி’ பொருந்தும். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானத்தை அவ்வாறு குறை கூறினால் மறுப்பார் இல்லை.

தமிழில் இச்சங்கடம் குறைவு. ‘பேர்போன வைத்தியர்’ என்கிறோம். ‘பேர்போன திருடன்’ என்றும் சொல்கிறோம். புகழா பழியா என்பதை அடுத்து வரும் சொல் காட்டிவிடும். ஆங்கிலத்தில் அந்த வினையடையே தீர்ப்பும் எழுதிவிடுகிறது.

இத்தனைக்கும் மூலமான இலத்தீன் சொல்லுக்கு ‘அறியப்பட்டது’ என்பதே பொருள். பழி பின்னால் வந்து ஒட்டியது. திருச்சபைச் சட்டமோ பழைய பொருளையே காத்து வருகிறது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 1071-ஆம் சட்டத்தைப் பாருங்கள். கத்தோலிக்க விசுவாசத்தை ‘நொட்டோரியஸ்லி’ கைவிட்டவரின் திருமணத்தை, அவசர அவசியம் நேர்ந்தாலன்றி, மறைமாவட்ட அதிகாரியின் அனுமதியின்றி நடத்தலாகாது என்பது அதில் ஒரு விதி. இதை ஆங்கிலத்தில் வாசிக்கும் குடும்பத்தார், மாப்பிள்ளையைக் கெட்ட நடத்தையுள்ளவர் எனத் திருச்சபை முத்திரை குத்துவதாக எண்ணி மனம் புண்படலாம்; பெண் வீட்டார் சம்பந்தமே வேண்டாம் என்றும் சொல்லிவிடலாம். அப்படியன்று. அவர் விசுவாசத்தை விட்டது ஊரறிந்த, மறைக்கவியலாத செய்தி என்பது மட்டுமே அங்கு பொருள். அவருடைய ஒழுக்கத்தைப் பற்றி அச்சொல் எதுவும் கூறவில்லை. ஞாயிறு பூசைக்கு வரச் சோம்புகிறவர் அந்தக் காரணத்தால் மட்டும் இவ்விதிக்குள் அடங்குவதும் இல்லை.

‘ஃபேமஸ்லி’ என்பதன் கதை வேறு. 1921-ஆம் ஆண்டு மதுரையில் காந்தியடிகள் அரையாடை ஏற்றதை எழுதுகையில் இச்சொல்லைச் சேர்த்தால், ‘யாவரும் அறிந்தவாறு’ என்று பொருள்படும். இருவர் ‘ஃபேமஸ்லி’ பழகுகிறார்கள் என்றாலோ, ஊரறியப் பழகுகிறார்கள் என்பதன்று; வெகு அன்னியோன்னியமாகப் பழகுகிறார்கள் என்பதாம். வெளியூரில் வேலைபார்க்கும் மகன், மாமியாரும் மருமகளும் அவ்வாறு இருப்பதாக எழுதினால், பெற்றோர் கலங்க வேண்டியதில்லை.