நாற்காலி தானாக ஓடினால் குற்றவாளி யார்?

ஆலையில் ஒரு தொழிலாளியின் விரல் பல்சக்கரத்தில் மாட்டிக்கொண்டால் ரிப்போர்ட்டில் முதலில் விழும் வார்த்தை எது என்று நமக்குத் தெரியும். ‘கவனக்குறைவு.’ தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத் தண்டு முறிந்த விவசாயத் தொழிலாளிக்கு ‘கால் தவறியது’ என்று எழுதுவார்கள். யந்திரத்துக்கு மூடி போட்டிருந்ததா, மரம் ஏறியவனுக்குக் கயிறு கொடுத்தார்களா என்று எவரும் கேட்பதில்லை.

இதே கதை, அந்த முறிந்த முதுகோடு அவன் மோட்டார் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் தொடரக்கூடும். ஓடாமல் நிற்க வேண்டிய நாற்காலி தானாக நகர்ந்து அவனைக் கீழே தள்ளினால் ‘கை தவறி அழுத்திவிட்டான்’ என்பார்கள். அமெரிக்காவில் இது நடந்தது. கை தவறியதா, வேறு காரணமா என்று அங்கே சோதித்தும் பார்த்தார்கள். அந்த விவரம் நம் நாட்டு உழைப்பாளிகளுக்குத் தெரிய வேண்டும்.

மோட்டார் நாற்காலி பணக்காரர்களின் விளையாட்டுப் பொருளாகப் பிறந்ததல்ல. இரண்டாம் உலகப் போரில் கை கால் செயலிழந்த சிப்பாய்களுக்காக கனடாவின் அரசாங்க ஆராய்ச்சிக் கழகத்தில் ஜார்ஜ் கிளைன் என்ற எஞ்சினீயர் அதை உருவாக்கினார். அதற்கு முன்பே, மடக்கக்கூடிய சாதாரணச் சக்கர நாற்காலியை 1933ல் செய்தவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் எவரெஸ்ட். இவர் சுரங்க எஞ்சினீயர். 1918ல் சுரங்க விபத்தில் முதுகு முறிந்தவர். அவர் பெயரைத் தாங்கிய கம்பெனி பின்னாளில் சந்தையையே வளைத்துப் போட்டது. 1977ல் அமெரிக்க சர்க்காரே அதன் மீது ஏகபோக வழக்குப் போட நேர்ந்தது. தேவையிலிருந்து பிறந்த பொருள் கம்பெனிக்காரன் கையில் என்னவாகிறது என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம். நிற்க.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் புகார்கள் வந்தன. மோட்டார் நாற்காலிகள் திடீரென்று தாமாக நகர்ந்தன. நடைபாதை விளிம்பிலிருந்தும் படகுத் துறையிலிருந்தும் ஆட்களோடு கீழே இறங்கின. புகார் சொன்னவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தார்கள். அப்போது பக்கத்தில் போலீஸ் வண்டியோ, தீயணைப்பு வண்டியோ, வேறு யாரோ ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ரேடியோவில் எவனோ பேசினால் நாற்காலி ஏன் ஓட வேண்டும்? இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. நம் பொதுக்கூட்டங்களுக்கு வந்தவர்கள் பலரும் இதைக் காதால் கேட்டிருப்பீர்கள். பேச்சாளர் தம் செல்போனை மைக் பக்கத்தில் வைத்திருப்பார். அதற்கு அழைப்பு வரும் முன்பே ஒலிபெருக்கி ‘டடக் டடக்’ என்று அடித்துக்கொள்ளும். போனுக்கும் மைக்குக்கும் கம்பித் தொடர்பே கிடையாது. போன் விடும் ரேடியோ அலையை மைக்கின் கம்பி ஏரியல் போல வாங்கிக்கொள்கிறது; உள்ளே இருக்கும் மின்னணுச் சில்லுகள் அதைச் சத்தமாக மாற்றிவிடுகின்றன.

மைக்கில் சத்தம் வந்தால் கூட்டம் சிரிக்கும், அவ்வளவுதான். நாற்காலியில் சங்கதி வேறு. அதன் கைப்பிடியருகே ஒரு சிறு குச்சி இருக்கிறது; ஜாய்ஸ்டிக் என்பார்கள். அதை முன்னால் சாய்த்தால் ஓடும், விட்டால் நிற்கும். குச்சி அனுப்புவது மிகச் சிறிய மின் அழுத்தம், ஒரு சில வோல்ட்தான். அது கொஞ்சம் ஏறினால் முன்னே போ என்று அர்த்தம். கொஞ்சம் இறங்கினால் பின்னே போ என்று அர்த்தம். வெளியிலிருந்து வரும் ரேடியோ அலை அந்தக் கம்பியில் ஏறி, அதே அளவு பொய் மின்சாரத்தை உண்டாக்கிவிட்டால் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது. எஜமான் கட்டளை என்றே எடுத்துக்கொள்ளும்.

பிரேக்கின் நிலைமையும் இதுவே. மின்சாரம் இல்லாதபோது பிடித்துக்கொண்டு, மின்சாரம் பாய்ந்தால் விடும்படி அதைச் செய்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், பாட்டரி செத்தாலும் வண்டி உருளாது. ஆனால் பொய்க் கட்டளை வந்தால் பிரேக் விட்டுவிடும். மேட்டில் நிற்கும் நாற்காலியில் பிரேக் விட்டால் என்ன ஆகும் என்று மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நாற்காலிகளை வாங்கிச் சோதித்தது. உண்மையிலேயே பிரேக்குகள் விட்டன, சக்கரங்கள் சுழன்றன. 1994ல் கம்பெனிகளுக்கு உத்தரவு போயிற்று. மீட்டருக்கு 20 வோல்ட் பலமுள்ள ரேடியோ அலையை நாற்காலி தாங்க வேண்டும் என்று சொன்னார்கள். எவ்வளவு தாங்கும் என்று எழுதி ஒட்டவும் சொன்னார்கள். 2003ல் இதற்கென்று சர்வதேசச் சோதனை முறையும் வந்தது. இப்படிச் சோதனையில் தேறிய நாற்காலியில் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆகவே வைத்திருப்பவர்கள் பீதி கொள்ள வேண்டாம்.

இந்த 20 எப்பேர்ப்பட்டது? 5 வாட் வாக்கி டாக்கி ஏறத்தாழ முக்கால் மீட்டர் தூரத்தில் அந்தப் பலத்தை எட்டிவிடும். ஒன்றரை மீட்டர் தள்ளிப் போனால் பலம் பாதியாகிவிடும். ஆக, 20 என்பது இரும்புக் கோட்டையல்ல. காவலுக்கு நிற்பவன் பக்கத்தில் வந்து கருவியை அழுத்தினால் கோடு தாண்டிவிடும்.

எச்சரிக்கைச் சீட்டில் எழுதியிருந்த வாசகங்களின் சாரம் இது: நாற்காலி ஓடும்போது வாக்கி டாக்கி, செல்போன் இவற்றைப் போடாதே, ரேடியோ, டெலிவிஷன் நிலையக் கோபுரத்தின் அருகே போகாதே. தெரிந்துகொள்ள வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் தெருவில் எதிரே வரும் போலீஸ்காரன் சட்டைப் பையில் என்ன இருக்கிறதென்று நாற்காலியில் இருப்பவன் சோதனை போட முடியுமா? கம்பிக்கு உலோக உறை, பெட்டிக்கு உலோக மூடி, அலையை வடிகட்டும் சிறு பாகங்கள் — பரிகாரம் இவ்வளவுதான். ரேடியோ எஞ்சினீயர்களுக்கு இவை பழைய பாடம். வரைபடம் போடும்போதே சேர்த்தால் செலவும் அதிகமில்லை. புகார் வந்து குவியும் வரை அதைச் செய்யாமல் இருந்தது யார் கவனக்குறைவு?

நம் பக்கத்துக்கு வருவோம். தமிழ்நாட்டு அரசு தண்டுவடம் முறிந்தவர்களுக்கும் தசைச்சிதைவு நோயாளிகளுக்கும் பாட்டரி நாற்காலி இலவசமாகத் தருகிறது. மத்திய சர்க்காரின் கான்பூர் தொழிற்சாலையும் மோட்டார் வண்டிகள் செய்கிறது. வரவேற்கிறோம், போராடிப் பெற்ற உரிமை அது. ஆனால் மேடை போட்டு, மந்திரி படம் எடுத்து வழங்கும் அந்த நாற்காலியோடு, எத்தனை வோல்ட் அலையை அது தாங்கும் என்று எழுதிய தாள் ஒன்றும் தமிழில் வர வேண்டும். விலை குறைந்த டெண்டருக்காக இந்தச் சோதனையை விட்டுக்கொடுக்கக் கூடாது. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா வைத்தியக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. சட்டம் கையில் இருக்கும்போது சர்க்காருக்குத் தயக்கம் ஏன்?

ரிப்பேர் விஷயத்திலும் ஒரு வார்த்தை. பெட்டியைத் திறந்தால் கம்பியின் உலோக உறையையும், கம்பியைச் சுற்றிய கறுப்பு வளையத்தையும் வேண்டாத பாரம் என்று கழற்றிவிடக் கூடாது. ஊர் மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. அது எதற்கென்று அவருக்கு யார் சொன்னார்கள்? தாலுகாவுக்கு ஒரு ரிப்பேர் நிலையமும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும் என்று கேட்கிறோம்.

அதுவரை தோழர்கள் செய்யக்கூடியது உண்டு. மேட்டில் நிற்கும்போது நாற்காலியின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். வாக்கி டாக்கி வைத்திருப்பவரைச் சற்றுத் தள்ளி நின்று பேசச் சொல்லுங்கள். நாற்காலி தானாக அசைந்தால், ஆபத்தில்லாத நொடியில் உடனே அணையுங்கள். பிறகு தேதி, நேரம், இடம், பக்கத்தில் இருந்த ரேடியோக் கருவி எது என்பதை எழுதி வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் சங்கத்துக்கு வந்து சொல்லுங்கள். ஒரு நகல் கம்பெனிக்கு, ஒரு நகல் நாற்காலி கொடுத்த ஆபீசுக்கு. ‘கை தவறியது’ என்று அவர்கள் எழுதி நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.