‘அந்த பெட் ரியாக்டிவ்... பார்த்து இருங்க!’ - நர்சிங் மாணவர்களுக்கு இந்தக் கிசுகிசு பாதுகாப்பா, ஆபத்தா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் நர்சிங் படிப்பவர்கள் முதல் முறை வார்டு போஸ்டிங் போகும்போது காதில் விழக்கூடிய எச்சரிக்கை இது: “அந்த பெட் ரியாக்டிவ், பார்த்து இருங்க.” நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த ஒரு வரி நோயாளிக்கும் ஆபத்து, மாணவருக்கும் ஆபத்து. எப்படி?

சென்னையில் தொடங்கிய கதை

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது சென்னையில், 1986-ல். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் ஆய்வு செய்த மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலாளிகளிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார். சென்னையில் பரிசோதனை வசதி இல்லை. ஐஸ் பெட்டியில் மாதிரிகளை வைத்து, இரவு ரயிலில் காட்பாடி போய், வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார். அம்பத்தூர், ஆவடி வழியாகப் போகும் அதே ரயில் பாதைதான். ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. அந்த ஆண்டு மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி.ஹண்டே சட்டமன்றத்தில் அதை அறிவித்தார்.

எச்.ஐ.வி.யும் எய்ட்ஸும் ஒன்றா?

இல்லை. எச்.ஐ.வி. என்பது வைரஸ். அது நோய் எதிர்ப்புக்கு உதவும் சி.டி.4 செல்களை அழிக்கிறது. சிகிச்சை இல்லாமல் போய், சி.டி.4 எண்ணிக்கை 200-க்குக் கீழே இறங்கினாலோ, காசநோய் போன்ற தொற்றுகள் தீவிரமாகப் பற்றினாலோ அந்தக் கட்டம்தான் எய்ட்ஸ்.

2004 ஏப்ரல் முதல் அரசு ஏ.ஆர்.டி. மருந்துகளை இலவசமாகத் தருகிறது. தினமும் மாத்திரை எடுப்பவர் எய்ட்ஸ் கட்டத்துக்குப் போகாமலே முழு ஆயுளும் வாழலாம். ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாகப் பிறருக்குத் தொற்றாது.

ஊசி குத்திவிட்டால்?

முதலில் கணக்கைப் பார்ப்போம். எச்.ஐ.வி. உள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், அதாவது ஆயிரத்தில் மூன்று. ஹெபடைடிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு அது 30 சதவீதம் வரை போகலாம். பலர் பயப்படுவது முதலாவதற்கு. மூன்று டோஸ் தடுப்பூசியைத் தள்ளிப்போடுவதோ இரண்டாவதற்கு!

குத்திய இடத்தை உடனே சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், விரலை வாயில் வைக்க வேண்டாம், பிளீச்சிங் திரவம் எதுவும் ஊற்ற வேண்டாம். கண்ணில் பட்டால் தண்ணீர் அல்லது சலைன் கொண்டு கழுவுங்கள். உடனே பொறுப்பு நர்ஸிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள்.

அடுத்தது ‘பெப்’ எனப்படும் தடுப்பு மருந்து. இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். “மேடம் திட்டுவாங்களே” என்று மறைத்தால், போவது இந்த நேரம்தான்.

கிசுகிசு ஏன் காப்பாற்றாது?

தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் பரிசோதனையில் ‘நெகட்டிவ்’ என்றே வரலாம். பரிசோதனையே செய்யாதவர்களும் வார்டில் இருப்பார்கள். ஒரு பெட்டுக்கு மட்டும் இரண்டு கிளவுஸ் போடுகிறவர், பக்கத்து பெட்டில் அசால்ட்டாக இருந்துவிடுவார்.

2018-ல் சாத்தூரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் கொடுத்த இளைஞருக்குத் தொற்று இருப்பது 2016-லேயே பரிசோதனையில் பதிவாகியிருந்தது. அவருக்கு அது முறையாகச் சொல்லப்படவில்லை. எங்கோ பதிவேட்டில் கிடந்த தகவல் யாரையும் காப்பாற்றவில்லை. அன்று அந்த ரத்தப் பையை ஒழுங்காகச் சோதித்திருந்தால் காப்பாற்றியிருக்கும்.

வார்டுக்கும் இதே விதிதான். எல்லா நோயாளிக்கும் ஒரே முன்னெச்சரிக்கை: ரத்தம் படும் வேலைக்குக் கிளவுஸ், ஊசிக்கு மறுபடி மூடி போடாமை, பயன்படுத்திய ஊசி உடனே அதற்கான டப்பாவுக்குள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, சம்மதம் இல்லாமல் பரிசோதனை செய்யக் கூடாது, தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுக்கக் கூடாது, நோயாளியின் நிலையை வெளியே சொல்லக் கூடாது. சிகிச்சையில் நேரடியாக இருப்பவருக்கு, அவசியம் என்றால் மட்டும் தெரிவிக்கலாம். கேஸ் ஷீட் மேல் சிவப்பு மையில் எழுதுவதும், கேன்டீனில் பேசுவதும் அதில் வராது.

இந்தச் சட்டம் மருத்துவமனைக்கும் கடமை வைத்திருக்கிறது. ரத்தத்தோடு வேலை செய்யும் ஊழியர்களுக்குப் பாதுகாப்பு உபகரணம், பயிற்சி, ‘பெப்’ மருந்து ஆகியவற்றை நிர்வாகம்தான் தர வேண்டும்.

எனவே போஸ்டிங் தொடங்கும் முன் கல்லூரியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஊசி குத்தினால் யாரிடம் சொல்வது? இரவு டியூட்டியில் ‘பெப்’ முதல் டோஸ் எங்கே கிடைக்கும்? எங்கள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முடிந்ததா? சந்தேகம் இருந்தால் அரசின் இலவச உதவி எண் 1097 இருக்கிறது. எந்த பெட்டில் யார் என்ற தகவலைவிட, இந்த மூன்று பதில்களே உங்களைக் காப்பாற்றும்.