நாவலாசிரியரின் நாளும் நம் கடமையும்

நாவல் எழுதுவோர் யாவரும் ஓய்வு மிக்கவர் என்றும், உள்ளத்தில் உணர்ச்சி பெருகுங்கால் எழுதிப் பெருகாதபோது வாளா இருப்பர் என்றும் நம்மிற் பலர் எண்ணுகின்றனர். "எமக்கும் எழுத விருப்பமுண்டு, பொழுதுதான் இல்லை" என்று மாணவ நண்பர் கூறுவதையும் அடிக்கடி கேட்கின்றோம். இக்கூற்று எத்துணை உண்மையுடையது என்பதை, நம் மதுரை மாநகரிலேயே வாழ்ந்து மறைந்த ஒருவரது வாழ்க்கையைக் கொண்டு ஆராய்வாம்.

ப. சிங்காரம் என்பார் 1920-ஆம் ஆண்டு சிங்கம்புணரியிற் பிறந்தவர். மதுரையிற் பள்ளிக் கல்வி கற்றவர். இளமையிலேயே கடல் கடந்து, சுமாத்திராத் தீவின் மெடான் நகரில் வட்டிக்கடையொன்றிற் பணிபுரிந்தார். இரண்டாம் உலகப் போரையும் ஜப்பானியர் ஆட்சியையும் ஆங்கிருந்தே கண்டு, 1946-இல் தாயகம் மீண்டார். அதன்பின் மதுரையில் தினத்தந்தி அலுவலகத்தில் ஏறத்தாழ நாற்பதாண்டு ஊழியம் செய்தார். அவர் நெடுங்காலம் தனியராய் உறைந்த இடம் கிறித்தவ வாலிபர் சங்க விடுதியின் ஓர் அறையாகும்.

பத்திரிகை அலுவலகத்து ஊழியமும் விடுதி அறையுமாகிய இவ்வாழ்க்கையிலிருந்தே இரண்டு நாவல்கள் தோன்றின. 'கடலுக்கு அப்பால்' 1950-ஆம் ஆண்டளவில் எழுதப்பெற்று, 'கலைமகள்' பத்திரிகையின் நாவற் போட்டியிற் பரிசு பெற்று 1959-இல் வெளிவந்தது. 'புயலிலே ஒரு தோணி' 1962-ஆம் ஆண்டளவில் முடிவுற்றும், 1972-இலேதான் நூல் வடிவம் பெற்றது. ஆகவே, எழுதுவோனுக்கு முதலில் வேண்டுவது நீண்ட ஓய்வன்று. பிழைப்புக்குரிய வேலை முடிந்தபின் எஞ்சும் சிறு பொழுதை நாள்தோறும் அப்பணிக்கே ஒதுக்கும் உறுதியே வேண்டுவதாம்.

அப்பொழுதில் நிகழும் வேலையும் பிறர் கருதுவதுபோல் இன்பமே நிறைந்ததன்று. முதற்படியை எழுதுங்கால் நினைவிலுள்ளன யாவும் ஒழுங்கின்றி வந்து விழும். இரண்டாம் முறை பார்க்குங்கால், முன்னத்தியாயத்தில் நிகழ்ந்தது பின்னத்தியாயத்தோடு முரண்படுவது புலனாகும். மூன்றாம் முறை வாய்விட்டுப் படிக்குங்கால், வணிகனும் வீரனும் ஒரே நடையிற் பேசுவது செவிக்குப் புலனாகும். இறுதியில், தாம் பெரிதும் விரும்பி எழுதிய பகுதியையே கதைக்கு வேண்டாததென்று அடித்துவிட நேரும். ஒரு நாள் எழுதிய நான்கு பக்கத்தை மறுநாள் ஒரு பக்கமாக்குவதும் இவ்வூழியத்தில் வழக்கமே.

'புயலிலே ஒரு தோணி'யைப் படிப்போர் இவ்வுழைப்பின் பயனை உணர்வர். அதன் தலைவனாகிய பாண்டியன் மெடானிலும் பினாங்கிலும் உலவும்போதே, மதுரைத் தெருக்களை ஒவ்வொன்றாக நினைந்து பார்க்கின்றான். ஆசிரியரோ மதுரையிலிருந்து, தாம் பிரிந்து வந்த மெடான் தெருக்களை நினைந்து எழுதினார். வட்டிக்கடையின் பேச்சும், போர்க்களத்தின் பேச்சும், தொங்கான் என்னும் மரக்கலத்திற் செல்வோரின் பேச்சும் அந்நூலில் தனித்தனியே ஒலிக்கின்றன. பிறந்த ஊரையும் பிரிந்த ஊரையும் ஒருங்கே கண்முன் நிறுத்துதல் ஒரே மூச்சில் எழுதி முடிப்பார்க்கு இயலுவதன்று.

இனி, நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. ஆசிரியர் தம் கடமையைச் செய்து முடித்தபின், அக்கையெழுத்துப் பிரதி அச்சேறாது ஏறக்குறையப் பத்தாண்டு கிடந்தது. 1997-இல் மறையும் வரை சிங்காரம் மூன்றாவது நாவலை வெளியிட்டிலர். இன்று தமிழின் சிறந்த நாவல்களுள் ஒன்றாகப் பலர் போற்றும் நூலைத் தந்தவர், தம் காலத்து வாசகரால் பெரிதும் அறியப்பெறாமலே இந்நகரில் நடமாடினார்.

இதற்கு மாறாக மற்றொருவரை நோக்குக. வத்தலக்குண்டிற் பிறந்த பி. ஆர். ராஜமையர், மதுரை நாட்டுக் கிராம வாழ்க்கையைச் சித்திரிக்கும் 'கமலாம்பாள் சரித்திரம்' என்னும் நாவலை 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி'யிற் பகுதி பகுதியாக வெளியிட்டார். எழுதுங்காலத்திலேயே அவருக்குப் படிப்போர் இருந்தனர். அடுத்த பகுதியை எதிர்நோக்குவோர் உளர் என்னும் எண்ணம் எழுதுகோலுக்கு எத்துணை ஊக்கமளிக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

"மெய்யான எழுத்தாளன் பிறர் பாராட்டை எதிர்பாரான்" என்று சிலர் உரைப்பர். பாராட்டு வேறு, வாசிப்பு வேறு. பாராட்டின்றியும் ஒருவர் எழுதலாம். படிப்பாரே இல்லையெனின், பல்லாண்டு உழைப்பை மீண்டும் ஒருமுறை தொடங்க எவர்க்கும் மனம் எளிதில் எழாது.

ஆதலின், எழுத விரும்பும் மாணவர்க்கு நாம் கூறுவது இது: விடுமுறையை எதிர்பார்த்திராது, இரவுப் பாடம் முடிந்தபின் அரைமணி நேரத்தை அதற்கென வகுத்துக்கொள்க, எழுதியதை ஒருமுறையேனும் திருத்தாது இம்மலருக்கு அனுப்பற்க. எழுத விரும்பாத ஏனையோர்க்கும், பழைய மாணவர்க்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு: உயிரோடிருக்கும் தமிழாசிரியர் ஒருவரது நூலையேனும் இவ்வாண்டிற் படித்து, கண்ட குணத்தையும் குற்றத்தையும் ஒரு கடிதமாக அவர்க்கே எழுதி அனுப்புக. அக்கடிதம் சென்று சேரும் வீட்டில் முடிவுறாத கையெழுத்துப் பிரதியொன்று மேசைமேற் கிடத்தல் கூடும்.